கரடி மறந்துபோன முள்ளம்பன்றி

தாமரைக் குளக்கரையில் தொந்தியப்பன் என்று ஒரு கரடி இருந்தது. ஒரு காலத்தில் அது குளக்கரைக் கூடைப்பந்து அணியில் ஆடிய கரடி. இப்போது அந்த அணிக்கே பயிற்சியாளர். வயிறு பெருத்துவிட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. "அந்தக் காலத்திலே..." என்று அது ஆரம்பித்தால் போதும், குளத்துத் தவளைகள்கூட மெல்லத் தண்ணீருக்குள் நழுவிவிடும்.

கரடியைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் காலம் அப்படிப்பட்ட காலம்தான். குளக்கரை அணி ஜெயிக்காத ஆட்டம் இல்லை. மருத மரத்துக் கிளையில் தூக்கணாங்குருவிகள் பின்னிக் கட்டிய கூடை தொங்கும். தேங்காய் நாரை இறுக்கிச் சுற்றிய பந்து அதில் விழும்போது 'சொத்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே மூன்று மலை தாண்டி யானைகள் வரும்.

அதெல்லாம் போயிற்று. ஆடியவர்கள் ஒவ்வொருவராக வயதாகி ஒதுங்கினார்கள். இரண்டு வருஷமாகக் குளக்கரை அணிக்குக் கடைசி இடம்.

அந்தக் காட்டில் மொத்தம் நாலு அணிகள். அவற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று வருஷம் தொடர்ந்து கடைசியில் வரும் அணி தன் ஆடுகளத்தை இழந்து கலைந்துபோகும். அதனால் காட்டுப்பன்றிகள் தினமும் வந்து வேலியோரம் நின்று, "மாமா, இடம் எப்போ காலியாகும்? நல்ல சேறா இருக்கு!" என்று விசாரித்துவிட்டுப் போயின. தொந்தியப்பனின் இளமை முழுக்க அந்த மண்ணில்தான் கிடந்தது.

காட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பருவம் தொடங்கும் முன் ஆட வந்திருக்கும் இளசுகளை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும். போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. ஜெயித்த அணிக்குக் கடைசி முறை. பாவப்பட்டவன் முதலில் கையை வைக்கட்டும் என்ற நியாயம்தான். ஆனால் தங்கள் முறையை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அங்கேதான் நரிக்கு வேலை.

மலையடி அணியின் பயிற்சியாளர் நரி நல்லமுத்து. பேரில் மட்டும்தான் நல்லது. தேர்வு நாளன்று காலையில் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"தொந்தியப்பா! உன் முதல் முறையை எனக்குக் கொடு. என் மூணாவது முறையை நீ எடுத்துக்கோ. கூடவே எங்க வேலாயியையும் தர்றேன்!"

வேலாயி ஒரு முள்ளம்பன்றி. போன வருஷம் முழுக்க ஆடி இரண்டே இரண்டு கூடை போட்டது. ஆடும்போது முள்ளை மடக்கி வைக்க வேண்டும் என்பது விதி. அது ஒழுங்காக மடக்கிவைத்து, சொன்ன இடத்தில் நிற்கும். அவ்வளவுதான்.

"ரெண்டு கூடை போட்டவளா? என்னை என்ன ஏமாளின்னு நினைச்சியா?" என்று சிரித்தது கரடி.

அணியில் மந்தாகினி என்று ஒரு மந்தி இருந்தது. வாய்த்துடுக்கு, ஆனால் கண் கூர்மை. அது கரடியின் காதருகே வந்தது.

"மாமா, கொஞ்சம் யோசிங்க. பந்தைத் தட்டிக்கிட்டுப் போறதுக்கு நம்ம முயல் சிட்டான் இருக்கான். அவன் பக்கத்துல இன்னொரு ஓட்டக்காரன் எதுக்கு? அவனுக்கு வழிபண்ணிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!"

மந்தி சொன்னதில் விஷயம் இருந்தது. ஓர் அணிக்கு ஐந்து பேர். மூன்று பேர் கூடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேர் பின்வரிசை. பந்தைத் தட்டிக்கொண்டு வருவதும், யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அந்த இருவர்தான். இருவருக்கும் ஒத்துப்போனால் அணி ஓடும். இல்லாவிட்டால் மாடு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

ஆனால் கரடி எங்கே கேட்டது? அதன் கண் அப்போது ஒரு புள்ளிமான் குட்டியின் மேல் இருந்தது. அதே புள்ளி. அதே நீண்ட கழுத்து. நிற்கும்போது ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொள்ளும் அதே பழக்கம்!

"அது யாரு?" என்று கரடி மூச்சுவிடாமல் கேட்டது.

"பொன்னரசனோட பேரன். பேரு பொன்வண்ணன்!" என்றது மந்தி.

பொன்னரசன்! பழைய குளக்கரை அணியின் பின்வரிசையில் ஆடிய மான். காடே கொண்டாடிய மான். கரடியின் கண் கலங்கிவிட்டது. போன காலமே நாலு காலில் திரும்பி வந்து நிற்பதுபோல் இருந்தது அதற்கு.

"முதல் முறை எங்களோடதுதான்! பொன்வண்ணனை எடுத்துக்கிறோம்!" என்று அது கத்தியது.

நரி தோளைக் குலுக்கிக்கொண்டு போயிற்று.

பருவம் தொடங்கியது. பொன்வண்ணன் நன்றாகத்தான் ஆடியது. சிட்டானும் நன்றாகத்தான் ஆடியது. ஆனால் ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா? இரண்டுக்குமே பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம். முதல் ஆட்டத்தில் இரண்டும் ஒரே பந்துக்கு ஓடி மண்டையில் மண்டை மோதிக்கொண்டன. இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றிடமிருந்து ஒன்று பந்தைப் பறித்தன. மூன்றாவது ஆட்டத்தில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி!

இன்னும் மூன்றே ஆட்டம் பாக்கி. காட்டுப்பன்றிகள் எந்த மூலையில் யார் புரளுவது என்று பேசி முடித்துவிட்டன.

"தாத்தா மாதிரி ஆடுடா! தாத்தா மாதிரி!" என்று கரடி மானிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில், "வாங்க எல்லாரும். பொன்னரசன் போட்ட அந்தக் கடைசி நிமிஷக் கூடையை உங்களுக்கு ஆடியே காட்டறேன். அப்பவாவது புரியுதான்னு பார்ப்போம்" என்றது.

அந்தக் கூடையைப் பற்றி அவர்கள் நூறு தரம் கேட்டிருந்தார்கள். இருந்தாலும் வந்தார்கள்.

"பொன்வண்ணா, நீதான் உங்க தாத்தா. இங்க நில்லு. மந்தாகினி, நீ எதிரணிச் சிறுத்தை. அவனை மறி. நான் கூடைக்குக் கீழே நிற்கிறேன், அன்னைக்கு நின்ன மாதிரியே. ம், ஆரம்பி! பொன்னரசன் இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டினான், எறிஞ்சான், 'சொத்'!"

பொன்வண்ணன் இடது பக்கம் வெட்டியது. மந்தி தாவி வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டது.

"அப்படியில்லை! திரும்பவும்!"

திரும்பவும் வெட்டியது. திரும்பவும் மந்தி பிடுங்கியது. மூன்றாம் முறையும் அதே கதை.

"ஏன்டி, நீ எதுக்குக் குறுக்கே வர்றே? அன்னைக்குச் சிறுத்தை அப்படியே நின்னுட்டான்!" என்று கரடி அதட்டியது.

"ஏன் மாமா நின்னான்?" என்று மந்தி கேட்டது. "என்னாலயே எட்டிப் பிடிக்க முடியுது. சிறுத்தை ஏன் சும்மா நின்னான்?"

கரடி பதில் சொல்ல வாயைத் திறந்தது. நூறு தரம் சொன்ன கதைதான். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

அது கண்ணை மூடிக்கொண்டது. மருத மரத்து நிழல். யானைகளின் பிளிறல். பொன்னரசன் இடது பக்கம் வெட்டுகிறான். சிறுத்தை பாய்கிறது, திடுமென நிற்கிறது. சிறுத்தைக்கு எதிரே யாரோ நிற்கிறார்கள். குட்டையாக, கனமாக, காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு.

"அம்புலிங்கம்!" என்றது கரடி.

"யார் மாமா அது?"

"முள்ளம்பன்றி. பின்வரிசையில பொன்னரசனுக்கு ஜோடி. அந்தப் பந்தைக் கொடுத்ததே அவன்தான். கொடுத்துட்டு ஓடிவந்து சிறுத்தைக்குக் குறுக்கே நின்னான். முள்ளை மடக்கித்தான் வெச்சிருந்தான். ஆனா முள்ளம்பன்றி மேல போய் மோத யாருக்கு மனசு வரும்?"

கரடி தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பொன்னரசன் போட்ட கூடை எல்லாவற்றிலும் அந்தக் குட்டை உருவம் எங்கோ ஓர் ஓரத்தில் நின்றிருந்தது. ஜெயித்த அன்று கரடி மானைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடியது. அப்போது அம்புலிங்கம் கோரைக்குள் உருண்டுபோன பந்தைத் தேடி எடுத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது. "சரி, போயிட்டு வா" என்று தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது ஞாபகம் வந்தபோது கரடிக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது.

மறுநாளே அது மலையடிக்குப் போனது. பாதிப் பருவத்தில் ஒரே ஒரு நாள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அது அந்த நாள்.

"நல்லமுத்து, வேலாயியைக் கொடு. பதிலுக்குப் பொன்வண்ணனைத் தர்றேன்!"

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். இந்த நரி பிடுங்காமல் விடுமா? கரடியின் அவசரம் அதற்கு நன்றாகத் தெரிந்தது.

"பொன்வண்ணன் போதாதே தொந்தியப்பா! அடுத்த வருஷத் தேர்வில உங்க முறையும் எனக்கு வேணும். உங்க அணி கலைஞ்சுபோனாலும் அந்த முறை எனக்குத்தான்!"

கரடி தலையைச் சொறிந்துகொண்டு கணக்குப் போட்டது. கடைசியில் வந்தால்தான் முதல் முறை. கடைசியில் வந்தால் களமே இல்லை. களம் இல்லாதவனுக்கு முறை எதற்கு? கடைசியில் வராவிட்டால் நரிக்குக் கிடைப்பது முதல் முறையும் அல்ல.

"எடுத்துக்கோ!" என்றது கரடி.

இரண்டு கூடை போட்ட முள்ளம்பன்றிக்கு ஒரு மானும் ஒரு முறையுமா என்று மலையடியே விழுந்து விழுந்து சிரித்தது.

பொன்வண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மான் கோபப்படவில்லை.

"தாத்தா மாதிரி ஆடு, தாத்தா மாதிரி ஆடுன்னே சொன்னீங்க மாமா. நான் எப்படி ஆடுவேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. கரடி வெகுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

வேலாயி வந்தது. முதல் நாளே சிட்டானிடம் போய், "தம்பி, நீ எந்தப் பக்கம் திரும்புவே?" என்று கேட்டது.

"வலது பக்கம் அக்கா!"

"அப்ப நான் வலது பக்கம் நிற்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த இரண்டு ஆட்டமும் குளக்கரைக்கு வெற்றி!

கடைசி ஆட்டம் குளக்கரைக் களத்திலேயே நடந்தது. எதிரே மலையடி அணி. ஜெயித்தால் மூன்றாம் இடம். தோற்றால் கடைசி இடம், களம் பன்றிகளுக்கு. பொன்வண்ணன் அன்று ஆடிய வேகத்தில் கரடிக்கே உடம்பு சிலிர்த்தது. வேறு யாருடைய சாயலும் இல்லாத ஆட்டம் அது. ஆனாலும் குளக்கரை விடவில்லை. இரண்டு அணியும் சமம். நடுவர் நாரை ஒற்றைக் காலை மாற்றி ஊன்றி, "கடைசிப் பந்து!" என்று கூவியது.

வேலாயி பந்தைச் சிட்டானுக்குத் தட்டிவிட்டது. சிட்டான் வலது பக்கம் வெட்டியது. பொன்வண்ணன் மறிக்கப் பாய்ந்தது. எதிரே முள்ளை மடக்கிக்கொண்டு, காலை ஊன்றிக்கொண்டு வேலாயி நின்றது. மான் சட்டென்று நின்றுவிட்டது. முயல் எழும்பியது.

'சொத்'!

களமே எழுந்து ஆடியது. எல்லோரும் ஓடிப்போய்ச் சிட்டானைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். தொந்தியப்பன் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வேலாயியிடம் போனது. வேலாயி இன்னும் அதே இடத்தில் நின்றது.

"மாமா, நான் நின்ன இடம் சரிதானே?" என்று அது கேட்டது.

கரடி குனிந்து அதை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

"ஐயோ மாமா! முள்ளு குத்தும்! இறக்கி விடுங்க!"

"குத்தட்டும்! எனக்கு இது முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே குத்தியிருக்கணும்!" என்று சொல்லிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி, கண்ணீர் வழிய வழிய, கரடி குளத்தைச் சுற்றி ஓடியது.

அதனால், ஆள் சேர்க்கும்போது யார் மின்னுகிறார் என்று பார்க்காமல், இருப்பவரோடு யார் பொருந்துவார் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பொருந்தி நின்றவரை அவர் நிற்கும்போதே கொண்டாட வேண்டும்.