அளவுக்கு ஒரு குழந்தை

“டீச்சர், எம்பது அடி அருவி. என் படத்துல பாத்ரூம் ஷவர் மாதிரி இருக்கு. ஏன்?”

கேட்டவன் கிறிஸ்துதாஸ். கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. புஷ்பலீலா டீச்சரிடம் படம் எடுக்கப் பழகுகிறான்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். பாறை, தண்ணீர், பாறை.

“பக்கத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ பார்க்கிறவங்க எதை வச்சு அளப்பாங்க? அளவு தெரிஞ்ச ஒண்ணு பக்கத்துல வேணும்.”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மற்ற மாணவர்களோடு அருவிக்கு வந்தபோது கிறிஸ்துதாஸ் முன்னாலேயே வந்திருந்தான். மலைமேல் மழை. தண்ணீர் செம்மண் கலந்து இறங்கிக்கொண்டிருந்தது.

‘இறங்காதீர்கள்’ என்று ஒரு பலகை. அது படத்தில் விழாதபடி அவன் ஸ்டாண்டைத் தள்ளிப் போட்டிருந்தான்.

ஸ்டாண்டில் கேமரா. எதிரே, தண்ணீருக்குள், வெள்ளை கவுன் போட்ட ஒரு குழந்தை.

அவன் மகள் ஷைனி. நாலு வயசு.

“அசையாதே மக்ளே. ரெண்டு செகண்டுதான்.”

“அப்பா, காலுக்கு அடியில கல்லு ஓடுது.”

“அது ஓடட்டும். நீ ஓடாதே.”

ஷட்டர் இரண்டு செகண்டு திறந்திருந்து மூடியது. திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினான். தண்ணீர் பட்டுத்துணி போல வழிந்திருந்தது. மகள் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைப் புகை.

“பாரு, ஆடிட்டே. எத்தனை வாட்டி சொல்றது? மறுபடி நில்லு.”

டீச்சர் செருப்போடு தண்ணீரில் இறங்கினார். குழந்தையைத் தூக்கினார். கரையேறினார்.

“டீச்சர், வெளிச்சம் போயிரும்.”

“போகட்டும்.”

“நாளைக்குப் போட்டோ போட்டிக்குக் கடைசி நாள். நீங்கதானே பக்கத்துல ஒண்ணு வைக்கச் சொன்னீங்க?”

“உங்க குடையை வச்சிருக்கலாம். நீங்களே போய் நின்னிருக்கலாம். கேமராவில டைமர் எதுக்கு இருக்கு?”

“குழந்தை நின்னாத்தான் அருவி இன்னும் பெரிசாத் தெரியும்.”

டீச்சர் அவனையே பார்த்தார்.

“ரெண்டு செகண்டு எதுக்கு?”

“அப்பதான் தண்ணி மென்மையா வரும் டீச்சர். பட்டு மாதிரி.”

டீச்சர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே கல் பட்டுத் தோல் கிழிந்திருந்தது.

“உங்க பட்டு.”

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

“இவ அம்மாகிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?”

“ஐஸ்கிரீம் வாங்கித் தரப் போறேன்னு.”

“மாடலுக்குச் சம்பளம் ஐஸ்கிரீமா அண்ணே?” என்றார் மாணவர்களில் ஒருத்தர். சிரிப்பு கிளம்பியது. டீச்சர் திரும்பியதும் அடங்கிவிட்டது.

கிறிஸ்துதாஸுக்கு முகம் சிவந்தது. “இதுக்குப் போய் இவ்வளவு கோபமா? முழங்கால் தண்ணி டீச்சர். நானே முதல்ல இறங்கி நின்னு பார்த்துட்டுத்தான் இவளை விட்டேன். நான் என்ன பைத்தியமா?”

டீச்சர் குழந்தையை அவன் பக்கத்தில் இறக்கி நிறுத்தினார். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். ஷட்டர் சக்கரத்தைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே போய், ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்டில் நிறுத்தினார்.

“அவ்வளவு வேகம் எதுக்கு? இங்க தண்ணியா விழுது? சும்மாதானே நிக்கிறோம்.”

“நீங்க சும்மா நிக்கிறீங்க. அவ நடுங்குறா.”

ஒரே ஒரு படம். கேமராவை அவன் கையில் கொடுத்தார்.

இதில் புகை இல்லை. துடித்துக்கொண்டிருந்த சின்ன உதடு துடிப்போடு அப்படியே நின்றிருந்தது. ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பாவின் பேண்ட்டில் செம்மண் கறை முழங்காலோடு நின்றது. பக்கத்தில் வெள்ளை கவுன். அதில் கறை நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

“அளவு சரியா வந்திருக்கா?” என்றார் டீச்சர்.

கிறிஸ்துதாஸின் கை தன் சட்டையில் மெல்ல நெஞ்சுவரை ஏறி, அந்த உயரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.