கஞ்சி குடிச்சுக் கொழுத்த காவக்காரங்க

ஊசி போட்டாச்சு, அழுதும் முடிச்சாச்சு. வா குயிலி, அத்தை மடியில தலைய வை. "ம்" கொட்டணும், இல்லேன்னா கதைய நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பெரிய அண்டா இருந்துச்சு. ஊரைக் காக்குற காவக்காரங்களுக்குன்னே அதுல தளதளன்னு கஞ்சி கொதிக்கும். எத்தனை பேரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அண்டா நெறையக் காய்ச்சணும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. அதுதான் அந்த ஊரு வழக்கம்.

"ம்."

காவலுக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை உண்டு. ஊர்க்காரங்களக் கூட்டியாந்து எதிர்ல நிறுத்துவாங்க. சொந்த ஊர்க்காரன் மேலயே கம்பை ஓங்குனா, போடா வெளியேன்னு துரத்திருவாங்க. ஓங்காம சும்மா மொறைக்கிறவன? போனாப் போகுதுன்னு சேத்துக்கிட்டாங்க! அங்கதான் கோட்டை விட்டாங்க. கூட்டம் நெறைய இருந்தப்போ மொறைக்கிற பயலுக்கு அரை அகப்பைக் கஞ்சிதான் கெடைச்சுது. வாயப் பொத்திக்கிட்டு இருந்தான்.

அப்புறம் ஒரு விஷக்காய்ச்சல் வந்துச்சு. காவக்காரங்க பொத்து பொத்துன்னு விழுந்தாங்க, கொஞ்சம் பேருதான் மிச்சம். அண்டா மட்டும் அதே அண்டா! கொறச்சுக் காய்ச்சணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? தோணல. அப்போ மிஞ்சுனவங்க மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க. அதுலயும் இந்த மொறைக்கிற பயலுகளுக்கு ஊர்க்காரங்க மூஞ்சியப் பாத்தாலே பசி எடுக்கும். மூஞ்சிக்கு என்ன பஞ்சம்? பாத்தான், குடிச்சான், ஒருத்தன் ரெண்டானான், ரெண்டு நாலாச்சு. காலி எடமெல்லாம் அவனுகதான். எனக்கு வயிறு எரியுது குயிலி!

"ம். அப்புறம்?"

அந்த ஊர்ல மங்கைன்னு ஒருத்தி. வீட்டுக்கு வீடு சக்கரை அளந்து குடுக்கிறவ. ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் பண்ணாதவ. அந்த மொறைக்கிற பயலுக அவ வாசல்ல போயி நின்னானுக.

"நான் உங்க ஊருதான்ப்பா"ன்னா.

மொத தடவை, ஓங்குற கையப் பிடிச்சு நிறுத்துற பெரிய காவக்காரங்க வந்து அவனுகள இழுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டாந்தடவை கூட்டம் ஜாஸ்தி, பிடிக்கிற கை பத்தல. படார்! கதவு போச்சு. மூணாந்தடவை உள்ள பூந்து, சடார்! அவ அளக்குற படியவே ஒடச்சுப் போட்டானுக.

அப்புறம் அளந்து உள்ள குடுக்க வழியில்லாம தெருவெல்லாம் சக்கரை, வீட்டுக்குள்ள ஒரு சிட்டிகை கெடையாது. சனங்க மயங்கி மயங்கி விழுந்தாங்க. அப்போ என்ன பேசுனாங்க தெரியுமா? "மங்கை சக்கரைய அள்ளி அள்ளித் தின்னா, அதான் இப்படி"ன்னு! படிய ஒடச்சவன ஒரு வார்த்தை கேக்கல. நாக்கு கூசுச்சா அதுகளுக்கு?

"பரிமளம் பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. நான் மிட்டாய் தின்னேன்னு..."

சொல்லுவா, சொல்லுவா! நாளைக்கு வரட்டும், வாசல்லயே வெச்சுக் கேக்குறேன் அவள.

"இப்போ யாரு அத்தை அளக்குறா?"

வெளியூர்லேந்து ஒருத்தி தெனம் வர்றா. சுருக்குன்னு வருவா, அளந்து குடுத்துட்டுப் போயிருவா.

"ஊசியா அத்தை?"

"ம்."

"அப்போ அந்த ஊரு எனக்குள்ளயா இருக்கு?"

"ம்."

"அப்போ... நான் மிட்டாய் தின்னதால இல்லையா?"

இல்லடி கண்ணு. இல்லவே இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல.

அண்டாவக் கவுத்தாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு, கண்ண மூடு.