பிரேக்கை மிதிங்க, மொதலாளி!

கல்குவாரி முதலாளி செல்லப்பெருமாளின் புது ஆட்டோமேட்டிக் கார் கல்யாண மண்டப வாசலில் அடம்பிடித்து நின்றது. எஞ்சின் ஓடியது, கியரோ வண்டியை நிறுத்திவைக்கும் 'பி'யை விட்டு நகர மாட்டேன் என்றது.

"இதைக் கெடுத்தவன் இங்கேருந்து வீட்டுக்கு நடந்துதான் போகணும்!" என்று ஊரே கேட்கக் கத்திவிட்டு, டிரைவர் ஆவுடையப்பனை முறைத்தார். "என்ன கோளாறுன்னு வண்டியைத் தொடாமச் சொல்லுலே, பாப்போம்!"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். "சரி மொதலாளி, நீங்களே உக்காந்து பிரேக்கை மிதிங்க."

அவர் மிதித்தார். அவன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தான்.

"பிரேக் லைட்டு எரியலையே! பிரேக்கை மிதிச்ச சேதி ஒயர்ல போனாத்தான் இந்தக் கியர் பூட்டு விடும். ஃபியூஸ் போயிருக்கு. இந்தா, பின்னால பிரேக் லைட்டு ஒயர்ல கலர் சீரியல் லைட்டை மாட்டினவர் செஞ்ச வேலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நானே என் கையால மாட்டினேன்" என்று காலையிலிருந்து கண்டவரிடமெல்லாம் அந்த விளக்கைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தவர் முதலாளிதானே!

சீரியல் லைட்டைக் கழற்றி ஃபியூஸை மாற்றியதும் கியர் வெண்ணெயாய் வழுக்கியது. ஆவுடையப்பன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினான்.

"நீங்க முன்னால நடங்க மொதலாளி, நான் பின்னாலயே மெதுவா வாரேன். பயப்படாதீங்க, பிரேக் நல்லாப் பிடிக்குது!"