திறந்து கிடந்த கதவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் ரோபோ வந்து இறங்கியதிலிருந்து மேலாளர் பரமேசுவரனுக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சியின் முதல் நாள், துப்புரவு வேலை பார்க்கும் மரகதம் அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடும்மா கையை!" என்று அதட்டினார். "இது எல்லாத்தையும் தானாவே செய்யும். இனிமே யார் கை இதுமேல பட்டாலும் அவங்களுக்கு நாளையிலேர்ந்து இங்க வேலை இல்லை!"

மரகதம் கதவை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

மேலாளர் தன் மேசைக் கணினியில் பொத்தானை அழுத்தினார். ரோபோ அசையாமல் கீச்சுக் கீச்சென்று கத்தியது. 'கதவைச் சாத்தவும்' என்றது திரை. பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரும் நகரவில்லை.

கத்தல் தாங்காமல் மேலாளரே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். ரோபோ சமர்த்தாக வேலையைத் தொடங்கியது.

மரகதம் கவலையோடு கேட்டாள்: "அப்ப நாளைக்கு நீங்க வரமாட்டீங்களா சார்?"