இன்னாசி கூடவே கொண்டுவந்தது

"மேடம், பைத்தான் திறந்த உடனே செத்துப்போகுது. அழிச்சு அழிச்சுப் புதுசா ஏத்திட்டேன். ஒண்ணும் நடக்கல" என்றார் இன்னாசி.

சபுரா திரையை எட்டிப் பார்த்தார்.

மீனவர் சங்க அலுவலகத்துக்குப் புதிதாக வந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் இன்னாசியின் பொறுப்பு. பழையதிலிருந்த தன் சாமான்களை ஒன்று விடாமல் அதற்கு மாற்றியிருந்தார். காற்று எச்சரிக்கையைப் படகுக்காரர்களின் செல்போனுக்கு அனுப்பும் புரோகிராமும் அதில் உண்டு. அதை வரி வரியாகப் படித்து ஓட்டவேண்டிய பைத்தான் மென்பொருள்தான் இப்போது படுத்துவிட்டது.

எச்சரிக்கை வந்தாகிவிட்டது. சாயங்காலம் படகுகள் கிளம்பிவிடும். ஊர் ஊராகக் கிடப்பவர்களைத் தனித்தனியே கூப்பிட நேரம் போதாது. அவருடைய மச்சானும் கடலுக்குப் போகிறவர்.

அவருக்கு லினக்ஸ் கற்றுக்கொடுத்தவர் சபுரா. வயதில் பத்து வருஷம் சின்னவர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லித் தொலைக்கமாட்டார்.

"எந்திரிங்கண்ணே."

இன்னாசி எழுந்தார். சபுரா உட்கார்ந்து தன் பெயரிலிருந்த கணக்கில் உள்ளே போனார். பைத்தான் சமர்த்தாகத் திறந்து, கூட்டிக் கழித்துக் காட்டியது.

"இப்ப உங்க பேர்ல போங்க."

போனார். பைத்தான் திறந்தது. செத்தது.

"அதே மெஷின், அதே பைத்தான். அப்ப என்னைத்தான் அதுக்குப் பிடிக்கல" என்றார் இன்னாசி எரிச்சலோடு.

சபுரா அவருடைய செட்டிங்ஸ் ஃபைலைத் தொட்டுக் காட்டினார்.

இன்னாசிக்குச் சுருக்கென்றது. வேலை பார்த்த இடமெல்லாம் கூடவே கொண்டுபோன ஃபைல் அது. உள்ளே நுழைந்ததும் அதிலுள்ள வரிகள் தாமாக ஓடும். அது இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. பைத்தானை எத்தனையோ முறை அழித்தவருக்கு, அதைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

சபுரா அதன் பெயரை மாற்றி ஓரமாக வைத்தார்.

"திரும்ப வாங்க."

வெளியே போய் உள்ளே வந்தார். அவருடைய செட்டிங்ஸ் ஏதுமில்லாத மொட்டைத் திரை. பைத்தான் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

புரோகிராமை ஓட்டினார். எச்சரிக்கை போகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மச்சானே கூப்பிட்டு, ஏற்றிய ஐஸையும் வலையையும் இறக்கிவிட்டதாகவும், மற்றவர்களும் இறக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். இன்னாசி நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு அந்த ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு வரி. பைத்தான் எழும்போதெல்லாம் ஒரு பழங்காலத்து லைப்ரரியை, இந்தப் புதுப் பைத்தானுக்கு ஒவ்வாத துணைக் கோப்பை, எடுத்து அதன் கையில் திணிக்கும் வரி.

"இதை எதுக்குப் போட்டேன்னே ஞாபகமில்லையே மேடம்."

"அன்னைக்கு இது இல்லாம ஓடியிருக்காதுண்ணே" என்றார் சபுரா.