வாழைப்பூவின் அவசரம்

அந்தக் காலத்தில், மரஞ்செடிகளும் வாய்திறந்து பேசியபோது, வாழைப்பூ தாமரையைப் போல ஒரே காலையில் மொத்தமாக விரிந்துவிடும். பொழுது சாய்வதற்குள் குலை முழுக்கக் காய் திரண்டுவிடும். அத்தனை பாரத்தை வாழை எப்படித் தாங்கும்? அதனால் ஒவ்வொரு வாழைக்கும் மூங்கில் கழியை முட்டுக்கொடுத்து வைப்பார்கள்.

மேற்குக் கடற்கரையில், காயலோரத்தில், ஓபத்யா என்ற யூதரும் அவர் மனைவி சிம்ஹாவும் குடியிருந்தார்கள். அவர்கள் கொல்லையில் ஒரு வாழை முதல் பூவைத் தள்ளியிருந்தது. வாழைக்கு முதல் பூதான் கடைசிப் பூவும்.

அவர்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பஸ்கா பண்டிகை தொடங்கி அடுத்த பண்டிகை வரைக்கும் ஏழு வாரம் நாளெண்ணுவார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கடவுளின் குணத்தை எடுத்துக்கொண்டு, தங்களிடம் அது எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சீர்படுத்துவார்கள். முதலில் அன்பு. அடுத்து, அன்புக்குக் கரை கட்டும் கட்டுப்பாடு. பிறகு இரண்டையும் சேர்த்து வைக்கும் கருணை. அப்புறம் உறுதி, பணிவு என்று போகும்.

ஓபத்யா நல்ல மனிதர்தான். ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல எதிலும் அவசரம்.

"ஏழு வாரமெல்லாம் எதுக்கு சிம்ஹா? நாளைக்கு ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுடறேன்."

"கடவுளே உலகத்தைப் படைக்கறப்ப அவசரப்பட்டுத்தான் தன்னோட ஒளியை மொத்தமாப் பாத்திரத்துல ஊத்தினார். பாத்திரம் சுக்குநூறாப் போச்சு. அப்புறந்தான் ஒவ்வொரு குணமா, நிதானமா இறக்கினார். நீங்க அவரைவிடக் கெட்டிக்காரரா?"

"பாத்திரம் மட்டமா இருந்திருக்கும்," என்றார் ஓபத்யா.

விடிந்ததும் அன்பு தொடங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் வாரி வழங்கினார். ஒரு படகோட்டி தன் கழி உடைந்துபோனதாகச் சொன்னதும், வாழைக்கு முட்டுக்கொடுத்திருந்த கழியையே உருவிக் கொடுத்துவிட்டார்.

"ஐயா, இன்னைக்குத்தான் நான் பூ விரிச்சிருக்கேன்!" என்று வாழை பதறியது.

"அன்புன்னா இப்படித்தான் இருக்கணும்," என்றார் அவர். நண்பகலில் கட்டுப்பாடு வந்தது. அடுத்து வந்தவர்களையெல்லாம் திட்டி விரட்டினார். மாலையில், தன்னைப்போலப் பணிவானவன் அந்தக் காயலோரத்திலேயே கிடையாது என்று வாசலில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கொல்லையிலிருந்து அலறல் கேட்டது. காயெல்லாம் திரண்டு, வாழை ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

ஓபத்யா ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். சிம்ஹா கழியைத் திருப்பி வாங்கக் கரைக்கு ஓடினாள். படகு நடுக்காயலில் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, எனக்கு இது ஒண்ணுதான். இன்னொரு குலை கிடையாது," என்று கெஞ்சியது வாழை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மரத்தை இன்னும் நெருங்கி நின்றார். இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். இறுக்க இறுக்கத் தண்டு நொறுங்கியது. பயந்து பிடியைத் தளர்த்தினார், மரம் சாய்ந்தது. எவ்வளவு பிடிப்பது, எங்கே விடுவது என்பது அவர் கைக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாவது அன்பைப் பழகிவிட்டு, அதன்பின் கட்டுப்பாட்டுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் குழந்தைபோல அழுதார்.

வாழை முறிந்து விழுந்தது. காய்கள் மண்ணில் சிதறின. விழுந்த இடத்திலிருந்தே அது தன் காலடியில் நின்ற கன்றிடம் சொன்னது:

"கண்ணே, மொத்தமாத் திறக்காதே. ஒரு மடலைத் தூக்கு. அந்தச் சீப்பு பிடிச்சு, உன் உடம்பு அதைத் தாங்கப் பழகட்டும். அப்புறம் அடுத்த மடல். முடிக்கணும்னு நினைக்காதே."

அது கன்றிடம் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தவரும் கேட்டார்.

கன்று வளர்ந்து அப்படியே செய்தது. ஓபத்யா தினமும் போய்ப் பார்ப்பார். வருடங்கள் ஓடி, தலை நரைத்த பிறகும், "எந்தக் குணம் வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "இன்னும் அன்புலதான் இருக்கேன்" என்பார். சிம்ஹா சிரித்துக்கொள்வாள். ஆனால் இப்போது அவர் யாருக்கு எதைக் கொடுத்தாலும், அது வேறு எதற்கு முட்டாக நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அன்று முதல்தான் வாழைப்பூ ஒவ்வொரு மடலாக விரிகிறது. குலை முற்றி வெட்டுக்கு வந்த பிறகும், அதன் நுனியில் திறக்காத மடல்கள் மிச்சமிருக்கின்றன.