மூன்று துண்டுகளின் உயரம்

மடத்தில் அகராதி எழுதிவந்த சீடர் கூத்தபிரானுக்குக் குருவான அடிகளைவிட எட்டு வயது அதிகம். படிப்பும் அதிகம் என்பது சீடரின் கருத்து. அடிகளின் கருத்தும் அதுவே. உயரத்தில்தான் சீடர் கொஞ்சம் குறைவு.

ஏழு வருடத்தில் அகராதி ‘ச’ வரிசைக்கு வந்திருந்தது. ஒரு நாள் காலை நோட்டும் கையுமாக அடிகள் முன் வந்து நின்றார்.

“சுவாமி, சமூகம் என்ற சொல்லில் நிற்கிறேன். வடமொழியில் தேடினால் திரள் என்கிறது. பழைய விண்ணப்பங்களில் பெரிய மனிதரின் முன்னிலைக்குச் சமூகம் என்று பெயர். இதற்கு லத்தீன்காரர்கள் வைத்திருக்கும் சொல்லைப் பிரித்தால் ‘கூட’ என்றும் ‘கடமை’ என்றும் வருகிறது. எதை எழுதட்டும்?”

“எழுதிவிட்டு?”

“நோட்டுகளைத் தங்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்கிறேன்.”

“எங்கே?”

“எங்காவது. இங்கே எல்லோரும் வேலை செய்கிறார்கள். நான் சாப்பிடுகிறேன்.”

அடிகள் நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“பல்லக்குத் தூக்கும் மயில்வாகனத்துக்குக் காய்ச்சல். சாயங்காலம் உற்சவத்தில் அம்பாள் பல்லக்குக்கு ஓர் ஆள் குறைகிறது. போய்த் தோள் கொடும். நாளைக்குக் கிளம்பலாம்.”

பல்லக்கு எழுந்தபோது தண்டு கூத்தபிரானின் தோளுக்கு நாலு விரல் மேலே போய் நின்றது. அவர் கையை உயர்த்தி அதைத் தொட்டபடி நடந்தார்.

“ஓய் அகராதி, தொங்கிவிடாதீர்” என்றார் பின்னால் தண்டைச் சுமந்து வந்த நல்லமுத்து. “அப்புறம் உம்மையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.”

தெரு சிரித்தது. கூத்தபிரானும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

முதல் மண்டகப்படியில் பூசைக்காகப் பல்லக்கை முட்டுக்கம்புகளில் நிறுத்தினார்கள். அதுதான் சமயம் என்று மெல்ல விலகினார்.

“எங்கே போகிறீர்?” நல்லமுத்து தன் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் வைத்தார். தண்டு எட்டவில்லை. முன்னால் நின்ற சிவனணைந்தான் தன் துண்டை அதன்மேல் வைத்தார். அப்போதும் ஒரு விரற்கடை மிச்சம். மூன்றாவதாக, மறுபக்கத் தண்டில் நின்ற குருந்தன் துண்டும் வந்தது.

மூவரும் வெறுந்தோளில் தண்டை ஏற்றார்கள். கூத்தபிரானின் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

“கனக்கிறதா?” என்றார் நல்லமுத்து.

“கனக்கிறது.”

“அப்படியென்றால் சரி. வாரும்.”

மறுநாள் காலை அவர் மூட்டையோடு அடிகள் முன் நின்றார்.

“மூன்று பேர் தோளும் உரிந்துவிட்டது, சுவாமி. நான் சேர்ந்ததில் யாருக்கும் சுமை குறையவில்லை. வலிதான் கூடியது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.”

“என்ன சொன்னார்கள்?”

“நேராக நில்லும் என்றார்கள். நின்றேன். தரையிலிருந்து தோள்வரை கயிறு வைத்து அளந்தார்கள்.”

“எதற்காம்?”

“வைக்கோல் திணித்து எனக்கென்று ஒரு திண்டு தைக்கப் போகிறார்களாம். மயில்வாகனம் எழுந்துவிட்டாரே, இனி நான் எதற்கு என்று கேட்டேன். ‘அவர் இடத்தில் அவர் நிற்பார், உமக்கென்ன?’ என்கிறார் நல்லமுத்து.”

அகராதிக்காரர் மூட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்தச் சொல்லுக்கு என்ன எழுதட்டும், சுவாமி?”

அடிகள் அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இரண்டு வரி இடம் விட்டு அடுத்த சொல்லுக்குப் போம். உற்சவம் இன்னும் ஆறு நாள் இருக்கிறது.”